கணக்கில் வராத குட்டிகள்

32 குட்டிகள் பிறந்தால் அதில் ஒன்றுதான் வேலைக்கு ஆகும். மிகைப்படுத்தவில்லை. பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்த யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது. ஓர் ஆய்வாளருக்கு இரண்டு மரபணுக்கள் முழுவதும் செயலிழந்த சுண்டெலி வேண்டும். கையிருப்பில் உள்ளவை அந்த இரண்டு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி என்று வைத்திருப்பவை. அவற்றில் ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், ஒரு மரபணுவில் இரண்டு பிரதியும் கெட்டதாக அமையும் குட்டி நாலில் ஒன்று. இரண்டு மரபணுவிலும் அப்படி அமைவது 16இல் ஒன்று. அதிலும் ஆண்தான் வேண்டும் என்றால் 32இல் ஒன்று.

"பத்து வேண்டும்" என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து கிடைக்க சராசரியாக 320 பிறக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மரபணு மாறாத உடன்பிறப்புகள் பத்து அதே ஈற்றுகளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 300. அந்த 300ஐ என்ன செய்வது என்பது என் பொறுப்பு.

நான் விஞ்ஞானி அல்ல. மரபணு மாற்றிய சுண்டெலிகளை இனப்பெருக்கம் செய்து ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் பிரிவை நடத்துகிறேன். ஜோடி சேர்ப்பது, மறுநாள் காலை இணை சேர்ந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது, 19 முதல் 21 நாளுக்குள் பிரசவத்தை எதிர்பார்ப்பது, மூன்று வாரம் ஆனதும் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பது, காதில் சின்னதாகத் துளை போட்டு அந்தத் துண்டை ஜீனோடைப்பிங்குக்கு (எந்தக் குட்டியில் எந்த மரபணுப் பிரதி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) அனுப்புவது, கூண்டு அட்டை எழுதுவது. இரண்டு மூன்று நாளில் பட்டியல் திரும்பி வரும். எந்த எண் எந்த வகை என்று இருக்கும். பச்சை அடித்தது ஆய்வகத்துக்குப் போகும். அடிக்காதது என்னோடு இருக்கும், கொஞ்ச நாள்.

விலங்குச் சோதனை சரியா தவறா என்று எங்கே விவாதம் நடந்தாலும் நான் உன்னிப்பாகக் கேட்பேன். இரண்டு தரப்பும் பேசுவது பச்சை அடித்த எலியைப் பற்றித்தான். சோதனை வேண்டும் என்பவர் இன்சுலினைச் சொல்வார். 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்துச் செய்த வேலை, 1922 ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு ஊசியாகப் போனது. நாய்கள் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. வேண்டாம் என்பவர் ஹாரி ஹார்லோவைச் சொல்வார். குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் செய்த பொம்மைத் தாயோடும் துணி சுற்றிய பொம்மைத் தாயோடும் வளர்த்தவர். பிற்பாடு தனிமைக் குழியில் போட்டு அவற்றை நொறுக்கியவர். இரண்டும் உண்மை. அப்புறம் நியூரம்பெர்க் நெறிமுறை வரும். 1947இல் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு வந்தது அது. மனிதர் மேல் செய்யும் எந்தச் சோதனைக்கும் அடித்தளமாக விலங்குச் சோதனையின் முடிவுகள் இருக்க வேண்டும் என்று அதன் மூன்றாவது விதி சொல்கிறது. மனிதனைக் காப்பாற்ற எழுதிய நெறிமுறையே விலங்கை முன்னால் நிறுத்துகிறது. இதை எதிர்த்தரப்பிடம் சொல்லும்போது அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர் முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பிடிப்பதில்லை.

நான் எந்தப் பக்கம் என்றால், சோதனை வேண்டும் என்கிற பக்கம்தான். இல்லாவிட்டால் இந்த வேலையில் இருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தின் வாதம் முழுக்க ஒரு தராசை நம்பி நிற்கிறது. ஒரு தட்டில் விலங்கு படும் துன்பம், மறு தட்டில் மனிதருக்குக் கிடைக்கும் பயன். எது கனக்கிறது என்று பாருங்கள் என்பார்கள். சரி, பார்ப்போம். என் மேசையில் இருக்கும் மிச்சக் குட்டியை ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் வைக்க என்ன இருக்கிறது? அந்தக் குட்டியிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதிலிருந்து எந்த எண்ணும் எந்த அட்டவணைக்கும் போகாது. தப்பான மரபணுக் கலவையோடு பிறந்தது, அவ்வளவுதான்.

இதை என்னிடம் முதலில் நேராகக் கேட்டவன் ஒரு புதுப் பையன். கூண்டு கழுவும் பிரிவிலிருந்து என் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவன். மிச்சக் கூண்டுகளை வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே வந்தான்.

"இது எந்த ஆராய்ச்சிக்கு அக்கா?"

"எதுக்கும் இல்லப்பா. இது மிச்சம்."

"அப்போ எதுக்குப் பிறக்க வெச்சோம்?"

எத்திக்ஸ் கமிட்டியின் படிவம் பக்கம் பக்கமாகப் போகும். வலி எவ்வளவு, மயக்க மருந்து எது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள், மாற்று வழி தேடினீர்களா, இத்தனை எலி எதற்கு என்று புள்ளியியல் கணக்கோடு விளக்குங்கள். எல்லாம் நல்ல கேள்விகள். அந்தப் பையன் கேட்ட கேள்வி அதில் இல்லை. பத்து எலிக்கு நியாயம் சொன்னால் போதும். அந்தப் பத்து வந்து சேர்வதற்காகப் பிறந்தவற்றைப் பற்றி ஒரு வரி எழுத இடம் கிடையாது.

எங்கள் படிவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1959இல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் சொன்ன மூன்று கொள்கைகள்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த வேலைக்கு அடிப்படை: விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, படும் துன்பத்தைக் குறை. அன்றைக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவை நிறுத்திய எலியைச் செய்ய யாருக்கும் தெரியாது. அது 1980களின் கடைசியில்தான் வந்தது. அதனால் எண்ணிக்கையைக் குறைப்பது என்றால் சோதனையில் உள்ள எண்ணிக்கை என்றே எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சட்டங்களும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைச் சட்டத்தில், உறுப்புக்காகவோ திசுவுக்காகவோ மட்டும் ஒரு விலங்கைக் கொல்வது சோதனை என்ற வரையறைக்குள்ளேயே வராது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. ஆராய்ச்சிக்காக வளர்க்கும் சுண்டெலி, எலி, பறவை மூன்றும் அந்தச் சட்டத்தின்படி விலங்கே கிடையாது. 2002இல் திருத்தம் கொண்டுவந்து விலக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் 1966இல் வந்ததே வீட்டு நாய்கள் திருட்டுப்போய் ஆய்வகத்துக்கு விற்கப்படுகின்றன என்ற கொதிப்பில்தான். நாய்க்கு அழ ஆள் இருந்தது.

ஐரோப்பியர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். சோதனைக்காக வளர்த்து, சோதனையில் பயன்படாமலே கொல்லப்பட்டவை 2017இல் மட்டும் சுமார் ஒரு கோடியே 26 லட்சம் என்று வந்தது. அதே ஆண்டு அங்கே சோதனையில் பயன்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு, சுமார் 94 லட்சம். அதாவது பயன்பட்டது மூன்று என்றால், பயன்படாதது ஏறக்குறைய நாலு. என் பிரிவின் கணக்கு அதைவிட மோசமாக இருக்கிறது. சிக்கலான மரபணுக் கலவை கேட்கும் ஆய்வகங்கள் எங்களிடம் அதிகம்.

சரி, இந்த மிச்சம் தவிர்க்கவே முடியாததா? பாதிக்குப் பாதி தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கத் தவிர்க்க முடியாதது என்றால் துக்கப்பட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

முதலில் அந்த 32ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் மட்டும் வேண்டும் என்றது யார்? பல வருடங்களாக உயிரியலில் ஒரு பழக்கம். பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி வரும், அதனால் முடிவுகள் தாறுமாறாகச் சிதறும், ஆணே மேல் என்று. 2009இல் வெளியான ஆய்வுகளை இரண்டு பேர் எண்ணிப் பார்த்தபோது, நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவை, பெண்ணை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு இருந்தன. அப்புறம் 2014இல் 293 ஆய்வுக் கட்டுரைகளின் தரவைத் திரட்டிப் பார்த்தார்கள். சுழற்சியைப் பற்றிக் கவலையே படாமல் எடுத்த பெண் எலிகளின் முடிவுகள் ஆண்களுடையதைவிட அதிகமாகச் சிதறவில்லை. ஆண்களைக் கூட்டமாக வைத்தால் அவற்றுக்குள் சண்டை, யார் பெரியவன் என்ற போட்டி; அதிலேயே சிதறல் வந்துவிடுகிறது. 2016இலிருந்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இரு பாலையும் எடுங்கள், இல்லாவிட்டால் ஏன் என்று சொல்லுங்கள் என்று நிதி கேட்பவர்களிடம் கேட்கிறது. பெண்களுக்கு மருந்து சரியாக வேலை செய்ய வேண்டும் என்ற நோக்கத்தில் வந்த விதி அது. என் மேசையில் அதன் விளைவு வேறு: 32 என்பது 16 ஆகிவிடும். ஒரே வரியில் பாதி.

ஆனாலும் இன்றைக்கும் "ஆண் மட்டும்" என்று படிவம் வருகிறது. ஏன் என்று கேட்டால், "முந்தைய பேப்பர் ஆணில்தான் செய்திருக்கிறார்கள், ஒப்பிட வேண்டும்" என்பார்கள். ஒரு பழைய பழக்கத்தோடு ஒப்பிடுவதற்காக இன்னொரு தலைமுறை.

அடுத்தது கலப்புத் திட்டம். இரண்டு மரபணுவும் செயலிழந்த எலி உயிரோடு இருந்து, குட்டியும் போடும் என்றால், அதையே ஜோடியில் ஒன்றாக வைக்கலாம். அப்போது 16இல் ஒன்று என்பது நாலில் ஒன்றாகிவிடும். இரண்டு பெற்றோரும் அப்படியே என்றால் பிறப்பது எல்லாமே வேலைக்கு ஆகும். இதை ஒரு பிஎச்டி மாணவிக்கு வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினேன். கெட்டிக்காரப் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, அப்போ கண்ட்ரோல் வேற குடும்பத்திலேர்ந்து வருமே" என்றாள். கண்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் எலி. சரியான இடத்தில் பிடித்தாள். ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே நாள் என்று வளர்ந்த உடன்பிறப்புதான் நல்ல ஒப்பீடு. தாய் வேறு, கூண்டு வேறு, குடலில் உள்ள நுண்ணுயிர் வேறு என்றால், கிடைக்கும் வித்தியாசம் மரபணுவால் வந்ததா வேறு எதனாலோ வந்ததா என்று சொல்ல முடியாது. தப்பான முடிவு வந்தால் அந்தச் சோதனையின் எலி எல்லாமே வீண். அதை நம்பி இன்னொருவர் செய்யும் சோதனையின் எலிகளும் வீண்.

ஆக, நல்ல விஞ்ஞானம் சில நேரம் அதிக மிச்சத்தைக் கேட்கிறது. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. நாங்கள் அன்றைக்கு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு நடுவழி பிடித்தோம். பெற்றோரில் ஒன்று முழுதும் செயலிழந்தது, மற்றது பாதி. ஒப்பீட்டுக்கு, ஒவ்வொரு மரபணுவிலும் ஒரே ஒரு கெட்ட பிரதி மட்டும் கொண்ட உடன்பிறப்பு. அந்த ஒரு பிரதியால் மட்டும் பாதிப்பு வருமா என்பதை முதலில் ஒரு சின்னக் குழுவில் பார்த்துவிடலாம், வராது என்றால் அதையே கண்ட்ரோலாக வைக்கலாம். பாதிப்பு வரவில்லை. நாலில் ஒன்று வேண்டிய எலி, நாலில் ஒன்று கண்ட்ரோல். அவள் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். மிச்சம் பாதியாக நின்றது. அந்த ஆய்வகத்துக்கு நான் இப்போது செல்லப்பிள்ளை.

இங்கே என் சக ஊழியர் ஒருவரின் எதிர்வாதத்தைச் சொல்லியாக வேண்டும். கால்நடை மருத்துவர், என்னைவிட எலிகளை நன்றாக அறிந்தவர். "நீங்க தலைகீழாப் பாக்கறீங்க" என்பார். மிச்சக் குட்டிதான் அதிர்ஷ்டசாலி என்பது அவர் கட்சி. அம்மாவின் சூட்டில் கிடந்தது, பால் குடித்தது, அண்ணன் தம்பிகளோடு சுருண்டு தூங்கியது, வலி தெரியாமல் போனது. அறுவை சிகிச்சையோ கட்டியோ ஊசியோ பார்க்கவில்லை. நாளை என்று ஒன்று அதன் மனதில் இல்லை. இல்லாத ஒன்றை எப்படிப் பறிக்க முடியும்? துன்பம்தான் தீமை, சாவு அல்ல.

இதை லேசாகத் தள்ள முடியவில்லை. சோதனைக்குள் போன எலியின் துன்பத்தையும் மிச்ச எலியின் சாவையும் ஒரே எடையாக நானும் வைக்கவில்லை. ஆனால் அவர் வாதம் இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஒன்று, வலி தெரியாமல் என்பது. வளர்ந்த எலிக்கு வழக்கமான வழி கார்பன் டை ஆக்சைடு. பெட்டிக்குள் வாயுவை மெதுவாக ஏற்ற வேண்டும். முன்பே நிரப்பிய பெட்டிக்குள் போட்டால், மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி எரியும். மெதுவாக ஏற்றினாலும் எலிகளுக்கு அந்த வாயு பிடிக்காது. தப்பிக்க வழி விட்டால் ஓடிவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிறந்த குட்டிகளின் கதை இன்னும் வேறு. கருப்பையில் குறைந்த ஆக்சிஜனில் வாழ்ந்து பழகியவை. வளர்ந்த எலி சில நிமிடங்களில் சாகும் பெட்டியில் அவை நெடுநேரம் உயிரோடு இருக்கும். 50 நிமிடம் வரைகூட ஆகலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியே எச்சரிக்கிறது. அதனால் அவற்றுக்குக் கையால் செய்யும் வேறு வழி. சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பிரிவில் அதைச் செய்ய மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மறுத்தவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. மறுக்காதவர்களையும்தான்.

இதிலிருந்து இன்னொரு சிக்கல் கிளம்புகிறது. மூன்று வாரம் காத்திருந்து ஜீனோடைப் பார்ப்பதா, முதல் பத்து நாளுக்குள்ளேயே பார்த்து, கண் திறக்காத நிலையிலேயே முடித்துவிடுவதா? சீக்கிரம் முடித்தால் கூண்டு மிச்சம், தாய்க்குச் சுமை குறைவு, குட்டிக்கும் தெரிவது குறைவு. தாமதித்தால், மருத்துவர் சொன்ன அந்த மூன்று வார நல்ல வாழ்க்கை கிடைக்கிறது; ஆனால் கண் திறந்து, ஓடி விளையாடி, பயம் என்றால் என்னவென்று தெரிந்த பிறகு சாகிறது. எது கருணை? வருடக்கணக்காக நாங்கள் இருவரும் இதைப் பேசியிருக்கிறோம். நான் சீக்கிரம் என்கிறேன். அவர் தாமதம் என்கிறார். அவர் வாதப்படியே பார்த்தால் தாமதம்தான் சரி. வாழ்க்கை நல்லது என்றால் மூன்று வாரம் பத்து நாளைவிட மேல். அப்படியென்றால் மூன்று வருடம்? என்று கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது இடறல் தாய்கள். மிச்சத்தைப் பற்றிப் பேசும்போது குட்டியை மட்டும் எண்ணுகிறோம். ஒரு ஈற்றுக்கு ஏழு குட்டி என்று வைத்தால் 320 குட்டிக்கு 46 பிரசவம். பெண் சுண்டெலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி கருத்தரிக்கும். ஆணைக் கூடவே வைத்திருந்தால், மடியில் பால் குடிக்கும் ஏழு, வயிற்றில் அடுத்த ஏழு. ஆறு மாத வயதைத் தாண்டியதும் ஈற்று குறையும். அப்போது அதுவும் பட்டியலில் பச்சை அடிக்காத பக்கம் வந்துவிடும். துன்பம் மட்டும்தான் கணக்கு என்றாலும் இந்த உழைப்பு அந்தக் கணக்கில் வர வேண்டும். மருத்துவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்களுக்கே கோபம் வரலாம். துன்பத்தைக் குறைப்பதில் எங்களுக்கு இருக்கும் உற்சாகம் எண்ணிக்கையைக் குறைப்பதில் இல்லை. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் பதற்றம் கூடுகிறது, குழாய்க்குள் ஏறவிட்டோ உள்ளங்கையில் அள்ளியோ தூக்கினால் குறைகிறது என்று 2010இல் லிவர்பூலில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு மாண்ட்ரியலில் ஒரு குழு, எலியின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் கொடுத்தது: கண் இடுங்குவது, காதின் நிலை, மீசை விறைப்பது. இரண்டும் அருமையான வேலை. நாங்களும் உடனே பின்பற்றினோம். எலிக்கு இதமாக இருக்க 30 டிகிரி அளவில் சூடு வேண்டும். அறையோ நமக்கு வசதியாக 22 டிகிரியில் இருக்கிறது. அதனால் கூடு கட்டிக்கொள்ளக் காகித இழை நிறையப் போடுகிறோம். ராத்திரியில் அதைக் கிழித்துக் கிழித்துக் குமிழ் மாதிரிக் கூடு கட்டியிருப்பதைக் காலையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதெல்லாம் செய்கிறவருக்கும் நிம்மதி தருகிறது. குழாயில் தூக்கும் படம் நடைபாதைச் சுவரில் பெரிதாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மாதாமாதம் மிச்சக் கணக்கையும் ஒட்டலாம், ஆய்வகம் வாரியாக, என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். வேண்டாம் என்றார்கள். வருகிறவர்கள் தப்பாக நினைப்பார்களாம். அப்புறம் ஒரு சமரசம். இப்போது ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் அவரவர் கணக்கு மட்டும் மின்னஞ்சலில் போகிறது. அது போக ஆரம்பித்த பிறகுதான் சிலர் என்னை வந்து பார்த்தார்கள். எண் எவ்வளவு என்று அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

மிச்சத்தை வேறு எதற்காவது கொடுக்கலாமே என்று கேட்பார்கள். கொடுக்கிறோம். அறுவை சிகிச்சை பழகும் மாணவர்களுக்கு இறந்த உடல் போகிறது. உயிருள்ள எலியில் முதல் கத்தி வைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஒரு ஆய்வகத்துக்கு மூளை மட்டும் வேண்டும், இன்னொன்றுக்கு எலும்பு மஜ்ஜை. சேர்த்துக் கொடுத்தால் ஒரு எலியில் இரண்டு வேலை. மரபணு மாற்றாதவற்றைச் சில இடங்களில் கழுகுக்கும் பாம்புக்கும் அனுப்புகிறார்கள். மாற்றியவை வெளியே போக முடியாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பிறந்தபின் பயன் தேடுவது வேறு, பிறக்காமல் பார்த்துக்கொள்வது வேறு.

மிச்சத்தில் எனக்கு மிகவும் ஆறாதது, யாரும் கேட்காமலே பிறப்பவை. ஒரு ஆய்வகத்தில் ஒரு லைன் இருக்கும், அதாவது ஒரே மரபணு மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவரும் சுண்டெலி வம்சம். அதில் வேலை செய்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கட்டுரை வந்துவிட்டது. ஆனால் பின்னால் யாராவது கேட்டால்? அதனால் உயிரோடு வைத்திருப்பார்கள். சுண்டெலி அலமாரியில் வைத்த புத்தகம் இல்லை. உயிரோடு வைத்திருப்பது என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை புதுத் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் அடுத்த ஜோடிக்கு நாலைந்து போக மற்றது மிச்சம். ஒரு சோதனையும் நடக்காமல் வருடக்கணக்கில் இது ஓடும்.

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1947 அக்டோபரில் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரில் பரவிய தீயில், சுண்டெலி இனங்களை வளர்த்துக் கொடுக்கும் ஜாக்சன் ஆய்வகத்தின் பெரும்பாலான எலிகள் செத்தன. முன்பு அங்கிருந்து எலி வாங்கிய ஆய்வகங்கள் திருப்பி அனுப்பித்தான் இனங்களை மீட்டார்கள். அந்தக் காலத்தில் உயிரோடு வைத்திருப்பது ஒன்றே காப்பீடு. 1972இல் சுண்டெலிக் கருவை உறைய வைத்து, உருக்கி, தாயின் வயிற்றில் வைத்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றுக் காட்டினார்கள். பிற்பாடு விந்தணுவுக்கும் வழி வந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஒரு லைன் சின்னக் குழாய்களில் தூங்கும். சாப்பாடு, கூண்டு, சாவு எதுவும் இல்லை.

உயிரோடு வைத்திருந்தால் லைன் அப்படியே இருக்கும் என்பதும் தப்பு நினைப்பு. எல்லோரும் பயன்படுத்தும் கறுப்புச் சுண்டெலி, சி57 பிளாக் 6, 1951இல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போனது. அன்றிலிருந்து இரண்டு கிளை, தனித்தனியாக வளர்ந்தன. இன்றைக்கு ஒன்றில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதியே காணோம், அதன் இன்சுலின் சுரப்பு பாதிக்கப்படுகிறது. மற்றதில் விழித்திரையைக் கெடுக்கும் ஒரு பிழை. யாரும் செய்யவில்லை, தலைமுறைகள் ஓட ஓடத் தானாக நடந்தது. பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் நாம் கொடுக்கப்போவது இன்றைய எலி அல்ல. குளிரில் இருந்தால்தான் இன்றைய எலி.

இப்போது ஒரு மூத்த பேராசிரியரோடு இதே வழக்கு. அவருடைய ஒரு லைனில் நெடுநாளாக எந்தச் சோதனையும் இல்லை. உறைய வைத்துவிடுவோம் என்றேன். தயங்குகிறார். அவர் தயக்கம் பிடிவாதம் இல்லை. இந்தக் கறுப்பு இனத்தின் விந்தணுவை உறைய வைத்து உருக்கினால் கருத்தரிக்கும் திறன் படுத்துவிடும் என்பது பழைய தொல்லை. அவர் இளமையில் ஒரு நல்ல லைனை அப்படி இழந்திருக்கிறார். வழிமுறைகள் இப்போது நிறையத் தேறிவிட்டன என்று காகிதம் காட்டினேன். காகிதம் வேண்டாம், கரு காட்டு என்கிறார். நியாயம்தான். இரண்டு ஆணின் விந்தணுவை உறைய வைப்பது, ஒரு குழாயை உருக்கிச் சோதனைக் குழாயில் கருத்தரிக்க வைப்பது, கருக்கள் இரண்டு செல்லாகப் பிரிவதைக் கண்ணால் பார்த்தால் கையெழுத்து, லைனை நிறுத்திவிடலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அதற்கு முட்டை வேண்டும். ஹார்மோன் ஊசி போட்டு, முட்டை எடுக்க, பெண் எலிகளைக் கொல்ல வேண்டும். மூன்று நாலு வார வயதுப் பெண் என்றால் நிறைய முட்டை கிடைக்கும். வெளியே ஆர்டர் போடலாமா என்று ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். வேண்டாம், மரபணு மாறாத பெண்கள் அடுத்த பட்டியலில் நிச்சயம் இருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.